எழுந்து உட்காருங்க பாட்டி: படுக்கை மருந்தாக இருந்த கதை

(ஆடியோ எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகப் பேச்சு நடை கொஞ்சம் திருத்தப்பட்டிருக்கிறது.)

இந்த எபிசோடை நீங்க நடந்துகிட்டே கேட்டா ரொம்பப் பொருத்தமா இருக்கும். ஏன்னு போகப் போகத் தெரியும்.

1966-ம் வருஷம். அமெரிக்காவில் டாலஸ் நகரம். ஐந்து இளைஞர்கள், எல்லோருக்கும் 20 வயது. யாருக்கும் எந்த நோயும் இல்லை. ஆராய்ச்சியாளர்கள் அவர்களிடம் கேட்டது ஒரே விஷயம்தான்: 3 வாரம் படுக்கையிலேயே இருக்க வேண்டும். நிற்கக்கூடாது, நடக்கக்கூடாது. கேட்க சொர்க்கம் மாதிரி இருக்கு, இல்லையா?

3 வாரம் முடிந்ததும் அவர்களை ஓட வைத்து அளந்தார்கள். முழு மூச்சாக உழைக்கும்போது உடம்பு எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்கிற கணக்கு அது. ஸ்மார்ட்வாட்ச் கட்டுறவங்க 'விஓ2 மேக்ஸ்'னு பார்த்திருப்பீங்க. அந்த அளவு சராசரியாக 27 சதவீதம் விழுந்திருந்தது.

கதை அங்கே முடியவில்லை. 30 வருஷம் கழித்து, 1996-ல், அதே ஐந்து பேரையும் தேடிப் பிடித்து மறுபடி அளந்தார்கள். இப்போது 50 வயது. எடை கூடியிருந்தது, வயதும் ஆகியிருந்தது. ஆனாலும் ஒருத்தர்கூட 20 வயதில் அந்த 3 வாரப் படுக்கைக்குப் பிறகு இருந்த அளவுக்குக் கீழே போயிருக்கவில்லை. 30 வருஷ முதுமை செய்ததைவிட 3 வாரக் கட்டில் அதிகமாகச் செய்திருந்தது.

இவர்கள் ஆரோக்கியமான இருபது வயதுக்காரர்கள். அதே கட்டிலில் இடுப்பு எலும்பு உடைந்த 75 வயதுப் பாட்டியை வைத்து யோசிச்சுப் பாருங்க. சுத்தி நிற்கிற நாம எல்லோரும் என்ன சொல்லுவோம்? "படுங்க பாட்டி, எழுந்திருக்காதீங்க, நாங்க பார்த்துக்கிறோம்."

அன்பாகச் சொல்வதுதான். இந்த அன்புக்கு ஒரு வரலாறு இருக்கிறது. படுக்கையை மருந்தாக எழுதிக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அந்த மருந்தை ஒழிக்கக் கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆனது. இன்னும் முழுசாக ஒழியவில்லை. ஏன்? அதுதான் இந்த எபிசோட்.

மருந்துச் சீட்டில் ஒரு கட்டில்

19-ம் நூற்றாண்டு லண்டனில் ஜான் ஹில்டன் என்று ஓர் அறுவை மருத்துவர். உடம்பு தன்னைத்தானே குணப்படுத்திக்கொள்ளும், அதற்கு நாம் கொடுக்க வேண்டியது ஓய்வு என்பது அவர் வாதம். 1860-களின் தொடக்கத்தில் இதைப் பற்றி அவர் ஆற்றிய உரைகள் 1863-ல் புத்தகமாக வந்தன. பல தலைமுறை மருத்துவ மாணவர்கள் அதைப் படித்தார்கள்.

ஹில்டனைக் கேலி பண்ண வேண்டாம். உடைந்த எலும்பு சேர அசையாமல் இருக்க வேண்டும், வீங்கிய மூட்டுக்கு ஓய்வு வேண்டும். ஆன்டிபயாட்டிக் இல்லாத அந்தக் காலத்தில் மருத்துவரால் கொடுக்க முடிந்தது ரொம்பக் கொஞ்சம். ஓய்வு அதில் ஒன்று. சிக்கல் எங்கே வந்ததென்றால், ஓர் எலும்புக்குச் சரியாக இருந்தது மொத்த மனிதருக்கும் சரி என்று ஆனதில்தான். கால் உடைந்தால் காலுக்கு ஓய்வு என்பது, எது வந்தாலும் முழு உடம்பும் படுக்கட்டும் என்று மாறியது.

அடுத்த எண்பது வருஷத்தில் பட்டியல் நீண்டுகொண்டே போனது. அறுவை சிகிச்சையா? இரண்டு மூன்று வாரம் படுக்கை. பிரசவமா? பத்துப் பதினைந்து நாள். மாரடைப்பா? ஆறு வாரம், பெட்பேன் உட்பட எல்லாம் படுத்தபடியே. காசநோயா? மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் சானடோரியம். சென்னைக்காரர்களுக்கு மின்சார ரயிலில் அந்தப் பெயர் பழக்கம்: தாம்பரம் சானடோரியம். 1928-ல் டாக்டர் சவுரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனைதான் அந்த ஸ்டேஷனுக்குப் பெயர் கொடுத்தது. இந்த ரயில் நிலையத்துக்கு நாம் இன்னொரு முறை வருவோம், ஞாபகம் வச்சுக்கோங்க.

அமெரிக்காவில் வெயர் மிட்செல் என்ற நரம்பியல் மருத்துவர் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். மனச்சோர்வோடு வரும் பெண்களுக்கு அவர் எழுதிக் கொடுத்தது வாரக்கணக்கில் படுக்கை, நிறையச் சாப்பாடு, தனிமை. படிக்கக்கூடாது, எழுதக்கூடாது. அவரிடம் 1887-ல் சிகிச்சைக்குப் போன ஒரு பெண் பித்துப் பிடிக்கும் நிலைக்குப் போய், அதை விட்டு வெளியே வந்து, ஒரு சிறுகதை எழுதினார். ஷார்லட் பெர்கின்ஸ் கில்மன் எழுதிய 'மஞ்சள் சுவர்த்தாள்' கதை 1892-ல் வெளிவந்தது. இலக்கிய மாணவர்கள் அதைப் பெண்ணியக் கதையாகப் படித்திருப்பீர்கள். அதற்குள் படுக்கை ஓய்வு மீதான ஒரு புகார் மனுவும் இருக்கிறது.

மருத்துவர்களில் ஒருத்தர்கூடவா கேள்வி கேட்கலை? கேட்டாங்க. சிகாகோவில் எமில் ரீஸ் என்ற மகளிர் நோய் மருத்துவர், வயிற்று அறுவை முடிந்த பெண்களை ஓரிரு நாளிலேயே எழுப்பி நடக்க வைத்தார். அவர்கள் சீக்கிரமே தேறினார்கள். இதை அவர் 1899-ல் கட்டுரையாகவே எழுதினார். அடுத்த நாற்பது வருஷம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

சிஸ்டரும் சூடான கம்பளித் துணியும்

நம்ம ஊரில் நர்ஸைக் கூப்பிடும் சொல் 'சிஸ்டர்'. ஆங்கிலேய மருத்துவமனை வழக்கத்திலிருந்து வந்த பட்டம் அது. அந்தப் பட்டத்தாலேயே உலகப் புகழ் பெற்ற ஒருவர் சிஸ்டர் எலிசபெத் கென்னி.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து கிராமப்புறத்தில், வீடு வீடாகப் போய் வைத்தியம் பார்த்தவர். முறையான நர்ஸிங் பட்டம் கிடையாது. முதல் உலகப் போரில் ராணுவ நர்ஸாக வேலை செய்தபோது கிடைத்ததுதான் அந்த 'சிஸ்டர்'.

அப்போது போலியோவுக்குச் சிகிச்சை என்ன தெரியுமா? செயலிழந்த கை கால்களை மரச் சட்டத்திலோ மாவுக்கட்டிலோ பூட்டி வைப்பது. மாதக்கணக்கில் அசையக்கூடாது. அசைந்தால் தசை இழுத்து எலும்பு கோணிவிடும் என்று பயம். கட்டைப் பிரித்துப் பார்த்தால் தசை சூம்பி, மூட்டு இறுகியிருக்கும்.

கென்னி செய்தது நேர் எதிர். கம்பளித் துணியை வெந்நீரில் தோய்த்து, பிழிந்து, வலிக்கிற தசை மீது சுற்றினார். வலி தளர்ந்ததும் குழந்தையின் காலைத் தன் கையில் ஏந்தி மெதுவாக மடக்கி நீட்டினார். அப்புறம் குழந்தையிடம், "இப்போ நீயே இந்தத் தசையை நினைச்சு அசைக்கப் பார்" என்கிற மாதிரி பழக்கினார். வேறொருவர் கையால் அசைப்பது, பிறகு உதவியோடு அசைப்பது, பிறகு தானாக அசைப்பது. இன்றைக்கு எந்தப் பிசியோதெரபி அறைக்குள் போனாலும் இந்த வரிசையைத்தான் பார்ப்பீர்கள்.

மருத்துவர்கள் எரிச்சலானார்கள். குவீன்ஸ்லாந்து அரசு அமைத்த விசாரணைக் குழு 1938-ல் அவர் முறையைக் கடுமையாக விமர்சித்தது. 1940-ல் அவர் அமெரிக்கா போனார். மினியாபொலிஸ் நகர மருத்துவர்கள் அவர் கையில் நோயாளிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1942-ல் அங்கே அவர் பெயரில் ஒரு நிறுவனமே திறக்கப்பட்டது. நோய் எப்படி வேலை செய்கிறது என்று கென்னி சொன்ன விளக்கத்தில் பல தப்புகள் இருந்தன. போலியோ நரம்பைத் தாக்கும் நோய், அவரோ தசையைத்தான் குற்றம் சொன்னார். ஆனாலும் கட்டை அவிழ்த்து அசைக்க வேண்டும் என்பதில் அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனிங்க. மாவுக்கட்டுப் போட அரை மணி நேரம் ஆகும், அதற்குப் பிறகு வேலையே இல்லை. சூட்டுத் துணியை ஒரு நாளைக்குப் பல தடவை மாற்ற வேண்டும், ஒவ்வொரு குழந்தையோடும் ஒருவர் உட்கார வேண்டும். கென்னி முறைக்கு ஆட்கள் வேண்டும், கைகள் வேண்டும். இந்தக் 'கை' விஷயம் கடைசி வரைக்கும் நம்ம கூடவே வரும்.

போர் வந்தது, கட்டில் போதவில்லை

படுக்கை ஓய்வை உண்மையில் அசைத்தது இரண்டாம் உலகப் போர். காரணம் ரொம்பச் சாதாரணம்: கட்டில் பற்றாக்குறை, நர்ஸ் பற்றாக்குறை, வீரர்கள் சீக்கிரம் திரும்ப வேண்டிய அவசரம்.

டெட்ராயிட்டில் டேனியல் லைட்டாசர் என்ற அறுவை மருத்துவர் 1938 முதலே குடல்வால் அறுவை முடிந்தவர்களை முதல் நாளிலேயே எழுப்பிக்கொண்டிருந்தார். போர் வந்ததும் இந்த வழக்கம் பரவியது. இன்னொரு பக்கம், அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஹோவர்ட் ரஸ்க், மிசூரி மாநிலத்தில் ஒரு ராணுவ மருத்துவமனையில் வேலை செய்தபோது, குணமாகிக்கொண்டிருந்த வீரர்கள் சும்மா படுத்தே பலவீனமாவதைக் கவனித்தார். அவர்களுக்கு உடற்பயிற்சியும் வகுப்புகளும் ஏற்பாடு செய்தார். 'மறுவாழ்வு மருத்துவம்' என்று இன்று சொல்கிற துறையின் முன்னோடிகளில் அவர் ஒருவர். இந்தப் பெயரையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

இங்கிலாந்தில் இதைவிடக் கடினமான ஒரு வார்டு. முதுகுத்தண்டு அடிபட்ட வீரர்கள். முதல் உலகப் போரில் இப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் செத்துப்போனார்கள். 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் இவர்களுக்கென்று ஒரு பிரிவு திறந்தது. பொறுப்பேற்றவர் லுட்விக் குட்மன், நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத நரம்பியல் மருத்துவர்.

அவர் போட்ட முதல் விதி: ஒவ்வொரு நோயாளியையும் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். பகலிலும், நள்ளிரவிலும். புது மருந்தோ மெஷினோ கிடையாது. திருப்புகிறார்களா என்று அவரே ராத்திரி ரவுண்ட்ஸ் வந்து பார்ப்பார். புண்கள் ஆறின. ஆறியதும் உட்கார வைத்தார். உட்கார்ந்ததும் பந்து கொடுத்தார், வில் கொடுத்தார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்கிய அதே நாளில், மருத்துவமனைப் புல்வெளியில் சக்கர நாற்காலியில் இருந்தபடி 16 பேர் வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார்கள். பாராலிம்பிக்ஸ் பிறந்தது அங்கேதான். யோசிச்சுப் பார்த்தா, அதோட முதல் அத்தியாயம் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு நர்ஸ் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்ததுதான்.

இதே காலத்தில் லண்டன் புறநகரில் டாக்டர் மார்ஜரி வாரன். 1935-ல் அவர் வேலை செய்த மருத்துவமனையோடு பக்கத்திலிருந்த ஏழைகள் விடுதி இணைக்கப்பட்டது. 714 பேர் அவர் பொறுப்பில் வந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள், 'இனி ஒன்றும் செய்ய முடியாது' என்று வருஷக்கணக்கில் படுக்க வைக்கப்பட்டவர்கள். வாரன் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்தார். இவருக்கு நடக்க முடியாதா, இல்லை இதுவரை யாரும் நடக்க வைக்கலையா? இந்தக் கேள்வியை அந்த வார்டில் அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. வெளிச்சம் கூட்டினார், உடற்பயிற்சி தொடங்கினார், பலர் எழுந்து நடந்து வீட்டுக்கே போனார்கள். முதியோர் மருத்துவம் என்ற துறை பிறந்ததும் இப்படித்தான்.

1947 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் டாக்டர் ரிச்சர்ட் ஆஷர் ஒரு குறும்பான கட்டுரை எழுதினார். தலைப்பே 'படுக்கைக்குப் போவதன் ஆபத்துகள்'. பீட்டில்ஸ் ரசிகர்களுக்கு ஒரு தகவல்: ஜேன் ஆஷரின் அப்பா இவர், பால் மெக்கார்ட்னி சில வருஷம் தங்கியிருந்தது இவர் வீட்டில்தான். கட்டுரையில் அவர் செய்தது ஒரு சாதாரணக் கணக்கெடுப்பு. அசையாமல் படுத்தால் நுரையீரல் என்னாகும், ரத்தம் என்னாகும், தோல், தசை, எலும்பு, சிறுநீர், குடல், மனசு என்னாகும் என்று ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தினார். படித்து முடித்தால் கட்டில் ஒரு கொலை ஆயுதம் மாதிரி தெரியும்.

இதயத்துக்கு ஒரு நாற்காலி

கடைசிக் கோட்டை மாரடைப்பு. அடிபட்ட இதயம், அசைந்தால் கிழிந்துவிடும் என்று பயம். அதனால் ஆறு வாரம் மல்லாந்து படுக்கை. உண்மையில் அந்தப் படுக்கையிலேயே காலில் ரத்தம் உறைந்து, கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்து, நிறையப் பேர் செத்தார்கள்.

பாஸ்டனில் சாமுவேல் லெவினும் அவருடைய இளம் உதவியாளர் பெர்னார்ட் லவுனும் 81 மாரடைப்பு நோயாளிகளைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். உட்காரும்போது ரத்தம் கால்களில் கொஞ்சம் தங்குவதால் இதயத்தின் சுமை குறையும் என்பது லெவினின் கருத்து. வார்டில் இருந்த இளம் டாக்டர்கள் இதை மனிதர்களைக் கொல்லும் வேலை என்றே நினைத்து எதிர்த்ததாக லவுன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அவர்கள் பயந்தது நடக்கவில்லை. 1952-ல் முடிவுகள் வெளியாகின. 1955-ல் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கே மாரடைப்பு வந்தது. அவரையும் மாதக்கணக்கில் படுக்கப் போடவில்லை. நாற்காலி, நடை என்று படிப்படியாக எழுப்பினார்கள். அடுத்த வருஷம் தேர்தலில் நின்று ஜெயித்தார்.

இப்போ நம்ம தாம்பரத்துக்கு வருவோம். காசநோய்க்கு ஓய்வுதான் அடிப்படைச் சிகிச்சை என்று உலகமே நம்பியது. நோய் வந்த நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தி அதைச் சுருங்க வைத்து 'ஓய்வு' கொடுக்கும் அளவுக்கு நம்பினார்கள். 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இன்னைக்குச் சேத்துப்பட்டுல இருக்கிற தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்தான் அது. அங்கே ஓர் ஒப்பீடு செய்தார்கள். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை சானடோரியத்தில் சேர்த்தார்கள்: ஓய்வு, நல்ல சாப்பாடு, நர்ஸிங் எல்லாம் உண்டு. மறு பாதி சென்னையின் ஏழைக் குடியிருப்புகளில் தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள்: நெரிசல், அரைகுறைச் சாப்பாடு, அன்றாட நடமாட்டம். இரு பக்கமும் ஒரே மருந்து. ஒரு வருஷ முடிவில், வீட்டில் இருந்தவர்கள் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். 1959-ல் வெளியான இந்த முடிவு உலகம் முழுக்க சானடோரியங்களின் காலத்தை முடித்துவைக்க உதவியது. குணப்படுத்தியது மருந்துதான், கட்டில் இல்லை என்று காட்டியது நம்ம சென்னை.

ஒரு நர்ஸ் என்ன செய்கிறார்?

இதுவரைக்கும் நிறைய டாக்டர் பெயராச் சொல்லிட்டேன். கட்டுரை எழுதியவர்கள் அவர்கள்தான். தூக்கி உட்கார வைத்தது யார்?

படுக்கைப் புண் வந்தால் பெரும்பாலும் அது நோயின் குற்றம் இல்லை, கவனிப்பின் குற்றம் என்று ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் எழுதி 160 வருஷத்துக்கு மேலாகிறது. 20-ம் நூற்றாண்டின் நடுவில் வர்ஜீனியா ஹெண்டர்சன் நர்ஸிங்கின் அடிப்படைகளை 14 தேவைகளாகப் பிரித்தார். மூச்சு, உணவு, கழிவு இவற்றுக்கு அடுத்து நாலாவதாக அவர் வைத்தது அசைவும் உடல் நிலையும். 1967-ல் அமெரிக்க நர்ஸிங் இதழ் ஒன்று அசைவின்மையின் ஆபத்துகளை உறுப்பு வாரியாக விளக்கி ஒரு நீண்ட தொகுப்பு வெளியிட்டது. ஆஷர் கிண்டலாகச் சொன்னது இப்போது நர்ஸிங் வகுப்பில் பாடமாக ஆனது.

வார்டில் இது எப்படி நடக்கும்? முதலில் படுத்தபடியே. பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது. ரொம்பச் சாதாரணமா தெரியும். கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் காலில் தேங்கிய ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. நடக்கும்போது அந்தத் தசை ஒரு பம்ப் மாதிரி வேலை செய்யும், படுத்திருக்கும்போது அது சும்மா கிடக்கும். நினைவில்லாத நோயாளிக்கு நர்ஸ்தான் தோள், முழங்கை, விரல், இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று ஒவ்வொரு மூட்டையும் அதன் முழு வீச்சுக்கு அசைத்து விடுவார். ஒரு கையால் மூட்டுக்கு மேலே தாங்கி, இன்னொரு கையால் மெதுவாக, வலி வருகிற இடத்தில் நிறுத்தி.

அடுத்து உட்காருவது. ஒரு பக்கமாகத் திரும்பி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கொஞ்ச நேரம் அப்படியே. ஏன் நேரா எழுப்பக்கூடாது? நாள்கணக்கில் படுத்தவருக்கு நின்றவுடன் ரத்தம் காலுக்கு இறங்கி, ரத்த அழுத்தம் விழுந்து, கண் இருட்டும். அதனால் முகம் வெளுக்குதா, வியர்க்குதா, தலை சுத்துதா என்று பார்த்துக்கொண்டே நிற்பார் நர்ஸ். அதற்குப் பிறகுதான் நிற்பது, நாற்காலி, பாத்ரூம் வரை நடை, வராண்டா வரை நடை. ஒவ்வொரு படிக்கும் ஒருவர் பக்கத்தில் வேண்டும். ஒரு நோயாளிக்குப் பதினைந்து நிமிஷம் என்று வைத்தாலும், இருபது பேருக்கு ஐந்து மணி நேரம்.

வேலூரில் ஒரு சக்கர நாற்காலி

ரஸ்க் பெயரை ஞாபகம் வைக்கச் சொன்னேன் இல்லையா? அந்தக் கயிறு வேலூர் வரைக்கும் வருது.

டாக்டர் மேரி வர்கீஸ், கேரளத்தில் பிறந்தவர், வேலூர் சிஎம்சியில் இளம் மருத்துவர். 1954-ல் ஒரு கார் விபத்து. இடுப்புக்குக் கீழே அசைவு போய்விட்டது. அவர் அப்புறம் செய்தது: சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே, டாக்டர் பால் பிராண்டோடு சேர்ந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை. பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தனக்கே மறுவாழ்வுப் பயிற்சி. அங்கிருந்து நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்கின் நிறுவனத்தில் படிப்பு. திரும்பி வந்து வேலூரில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறந்தது. 1972-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

முதுகுத்தண்டு அடிபட்டு, 'இனி இவர் வாழ்க்கை கட்டிலோடுதான்' என்று அழைத்து வரப்பட்ட ஒருவருக்கு, எழுந்து உட்காரச் சொல்லும் மருத்துவரே சக்கர நாற்காலியில் இருப்பது எப்படி இருந்திருக்கும்? அதை வேறெந்த மருந்தாலும் கொடுத்திருக்க முடியாது.

அப்போ எல்லோரையும் ஓட விடலாமா?

வேண்டாம். 'ஓய்வுதான் எல்லாம்' என்று நம்பியது மாதிரியே 'அசைவுதான் எல்லாம்' என்று நம்பினாலும் அதே தப்புதான்.

2009-ல் வெளியான ஓர் ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்த 104 பேருக்கும் மயக்க மருந்தைத் தினமும் கொஞ்ச நேரம் நிறுத்தினார்கள்; அவர்களில் ஒரு பாதிக்கு அந்த நேரத்தில், ஆரம்ப நாட்களிலேயே உடற்பயிற்சி தொடங்கினார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது தன் வேலையைத் தானே செய்யும் நிலையில் இருந்தவர்கள் அந்தப் பாதியில் 59 சதவீதம், மறு பாதியில் 35 சதவீதம். எல்லோருக்கும் உற்சாகம். ஆனால் பக்கவாதம் வந்த 2,104 பேரை வைத்து ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2015-ல் வந்தது. முதல் 24 மணி நேரத்திலேயே, அதிக அளவில் எழுப்பி நடக்க வைத்தவர்களுக்கு முடிவு கொஞ்சம் மோசம்: நன்றாகத் தேறியவர்கள் 46 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 50 சதவீதம். 2022-ல் ஐசியு நோயாளிகளிடம் நடந்த இன்னொரு பெரிய ஆய்விலும், வழக்கத்தைவிடக் கூடுதலாக உழைக்க வைத்ததில் பலன் கூடவில்லை, பாதகங்கள்தான் கூடின.

இதிலிருந்து கட்டிலுக்கே திரும்பலாம் என்று அர்த்தமில்லை. அந்தப் பக்கவாத ஆய்வில் 'வழக்கமான கவனிப்பு' பெற்றவர்களே பெரும்பாலும் முதல் ஓரிரு நாளில் எழுந்தவர்கள்தான். அசைவும் ஒரு மருந்து, அதற்கும் டோஸ் உண்டு. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, ஆளைப் பார்த்து. டோஸைத் தீர்மானிக்க, பக்கத்தில் நின்று முகத்தைப் பார்க்கும் ஒருவர் வேண்டும்.

பாட்டியும் கட்டிலும்

சரி, இவ்வளவு தெரிஞ்ச பிறகும் கட்டில் ஏன் இன்னும் ஜெயிக்குது? 2009-ல் அமெரிக்காவில் முதிய நோயாளிகள் 45 பேரின் உடம்பில் அசைவை அளக்கும் கருவி கட்டிப் பார்த்தார்கள். மருத்துவமனையில் இருந்த நேரத்தில் 83 சதவீதம் படுக்கையில்தான் கழிந்திருந்தது. அவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைக்கு வருவதற்கு முன்பு நன்றாக நடந்துகொண்டிருந்தவர்கள்.

ஒரு காரணம், விழுந்துவிடுவார்களோ என்ற பயம். அது நியாயமான பயம். ஆனால் விழுந்தால் அது ஒரு சம்பவம். யார் டியூட்டி, யார் பொறுப்பு என்று கேள்வி வரும். படுத்தே தசை கரைந்து, வீட்டுக்குப் போன மூணாவது மாதம் நடக்க முடியாமல் போனால், அதற்கு யார் மேலும் ரிப்போர்ட் எழுத மாட்டார்கள்.

இன்னொரு காரணம், நான் ஆரம்பத்திலிருந்து சொல்லும் கை. ஹில்டன் காலத்தில் ஓய்வு ஒரு கொள்கை. இன்று அது பெரும்பாலும் ஆள் பற்றாக்குறை. ஒரு சிஸ்டருக்கு எத்தனை கட்டில் என்பதைப் பொறுத்துதான் எத்தனை பேர் எழுந்து நடப்பார்கள் என்பது இருக்கிறது. ஊசி போடாமல் விட்டால் சார்ட்டில் தெரியும், நடக்க வைக்காமல் விட்டால் தெரியாது. நேரம் போதாதபோது முதலில் விட்டுப்போவது இந்த வேலைதான்.

நம்ம ஊரில் ஒரு விஷயம் கூடுதலாக உண்டு. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் குடும்பத்தில் ஒருவர் எப்போதும் உட்கார்ந்திருப்பார். கை இருக்கிறது. அந்தக் கை இப்போதைக்குப் போர்வையை இழுத்து மூடிவிட்டு, "நீங்க படுங்க"ன்னு சொல்லிக்கிட்டிருக்கு.

அதனால அடுத்த தடவை அந்த ஸ்டூலில் நீங்க உட்கார்ந்திருந்தா, ரவுண்ட்ஸ் வரும்போது இதைக் கேளுங்க: "டாக்டர், இவங்க எழுந்து உட்காரலாமா? எப்போதிலிருந்து?" சிஸ்டரிடம் கேளுங்க: "எப்படி எழுப்பணும்னு ஒரு தடவை காட்டித் தர்றீங்களா?" சில சமயம் 'இப்போ வேண்டாம்' என்பது பதிலாக இருக்கும். அதற்கும் காரணம் இருக்கும். நீங்களாகவே எழுப்பிவிடாதீங்க. ஆனா யாரும் கேட்காததால் ஒரு பாட்டி மூணு வாரம் படுத்திருக்கக்கூடாது.

டாலஸ் ஆய்வில் அந்த ஐந்து பேருக்கும் 3 வாரத்துக்குப் பிறகு பயிற்சி கொடுத்தார்கள். இழந்ததை மீட்டு எடுத்தார்கள். அவர்களுக்கு 20 வயது. பாட்டிக்கு அந்த அளவு சேமிப்பு கிடையாது. அவங்க கால் தரையில் பட வேண்டியது இந்த வாரமே.

படுத்துகிட்டே கேட்டவங்க, எழுந்து ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு வாங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.